ஸ்டாக்ஹோமில் மூன்று நாள்: எதை, எந்த நேரத்தில், எதைக் கவனித்துப் பார்ப்பது

"ஜூன் மாதம் மூன்று நாள் ஸ்டாக்ஹோமில் தங்குகிறோம். அறுபத்தைந்து தாண்டிய அப்பாவும் அம்மாவும் உடன் வருகிறார்கள். கடைவீதியும் கேளிக்கைப் பூங்காவும் வேண்டாம். வரலாறும் கலையும் உள்ள இடங்களை எந்த வரிசையில் பார்க்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஸ்டாக்ஹோமில் இடங்களைத் தேர்ந்தெடுப்பதில் சிரமமே இல்லை. நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மாலாரன் ஏரி பால்டிக் கடலில் கலக்கும் இடத்தில், 14 தீவுகளின் மேல் பரவிக் கிடக்கும் நகரம் இது. காலையில் ஒரு தீவு, மதியம் இன்னொரு தீவு, மாலையில் மறுபடி முதல் தீவு என்று அலைந்தால் அரை நாள் பாலங்களிலேயே போய்விடும். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு நல்ல வேளை இருக்கிறது. வாசா கப்பல் அருங்காட்சியகத்துக்குக் கதவு திறக்கும் வேளை, ஸ்கான்சன் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குப் பதினொரு மணிக்குப் பிறகு, மெட்ரோ நிலையங்களுக்கு அலுவலகக் கூட்டம் ஓய்ந்த பின். ஆகவே ஒரு நாளைக்கு ஒரு தீவுக்கூட்டம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

முதலில் டிக்கெட். நகரப் பொதுப் போக்குவரத்தை நடத்தும் எஸ்.எல். நிறுவனத்தின் 72 மணி நேர டிக்கெட் ஒன்று இருந்தால் மெட்ரோ, பஸ், டிராம், புறநகர் ரயில், யூர்கோர்டன் தீவுக்குப் போகும் 82-ஆம் எண் படகு எல்லாவற்றிலும் ஏறலாம். 65 வயதானவர்களுக்குச் சலுகைக் கட்டணம் உண்டு. உள்ளூர்க்காரராக இருக்க வேண்டியதில்லை, வயதுச் சான்றாகப் பாஸ்போர்ட் கையில் இருந்தால் போதும். நுழைவாயிலில் வங்கி அட்டையைத் தட்டிவிட்டுப் போனால் பொதுவாக முழுக்கட்டணம்தான் பிடிக்கும். அதனால் பெற்றோருக்கான டிக்கெட்டை எஸ்.எல். செயலியிலோ பிரெஸ்பிரோன் கடையிலோ முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். ஆர்லாண்டா விமான நிலையத்தில் இறங்கும்போதே அந்த டிக்கெட்டைத் தொடங்கிவிட்டால், 583 எண் பஸ்ஸில் மார்ஷ்டா ஊருக்குப் போய் அங்கிருந்து புறநகர் ரயிலில் நகருக்கு வந்துவிடலாம். தனிச் செலவு இல்லை. விமான நிலையத்துக்குள்ளேயே ரயில் ஏறினால் டிக்கெட்டுக்கு மேல் நிலையக் கட்டணம் கேட்பார்கள். நகரின் பெரும்பாலான கடைகளும் அருங்காட்சியகங்களும் அட்டை மட்டுமே வாங்கும். கட்டணக் கழிப்பறைகூட அப்படித்தான். சில்லறை நோட்டு மாற்றிக்கொண்டு போவது வீண்.

ஊர்ப் பெயர்களை உச்சரிப்பதில் ஒரு சிக்கல் வரும். யூர்கோர்டன் என்ற பெயரைப் பலகையில் 'டி' எழுத்தில் தொடங்கி எழுதியிருப்பார்கள். அந்த எழுத்துக்கு ஒலி கிடையாது. வழி கேட்கும்போது எழுதிக் காட்டிவிடுவது நல்லது.

முதல் நாள் யூர்கோர்டன் தீவு. ஜூனில் வாசா அருங்காட்சியகம் காலை எட்டரைக்கே திறக்கும். அப்போதே வாசலில் நில்லுங்கள். பத்து மணிக்குமேல் சுற்றுலாப் பேருந்துகள் வந்துவிட்டால் கப்பலின் பின்புறத்தை ஆற அமரப் பார்க்க முடியாது. பெரியவர்களுக்குக் கட்டணம் உண்டு. 18 வயதுவரை இலவசம். மரத்தைக் காப்பதற்காக உள்ளே வெப்பநிலையை 18 முதல் 20 டிகிரிக்குள் வைத்திருப்பார்கள், வெளிச்சமும் மங்கல்தான். அம்மாவுக்கு ஒரு சால்வை கட்டாயம். தளங்களுக்கு இடையே லிஃப்ட் இருக்கிறது.

இந்தப் போர்க்கப்பல் 1628 ஆகஸ்ட் 10 அன்று முதல் பயணம் புறப்பட்டு, ஏறக்குறைய 1,300 மீட்டர் தூரம் போனதும் துறைமுகத்துக்குள்ளேயே கவிழ்ந்தது. 64 பீரங்கிகள், இரண்டு பீரங்கித் தளங்கள். அகலத்துக்குப் பொருந்தாத உயரம். நீர்மட்டத்துக்கு மேலே கனம் மிகுதி. அடிவயிற்றில் சுமார் 120 டன் கல்லை அடிப்பாரமாக இட்டிருந்தார்கள். இன்னும் கல் ஏற்றியிருந்தால் நின்றிருக்குமா என்றால் அதுவும் இல்லை. கப்பல் மேலும் அமிழ்ந்து, கீழ்த்தளத்துப் பீரங்கிச் சாளரங்கள் தண்ணீருக்கு இன்னும் அருகில் வந்திருக்கும். புறப்படுமுன் முப்பது பேரை மேல்தளத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிட்டுச் சோதித்தார்கள். மூன்று முறை ஓடியதுமே கப்பல் ஆபத்தாக ஆடியதால் தளபதி பிளெமிங் சோதனையை நிறுத்திவிட்டார். கப்பலை நிறுத்தத்தான் யாரும் துணியவில்லை. அரசர் இரண்டாம் குஸ்தாவ் அடால்ஃப் போர்முனையிலிருந்து அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். கட்டிய தலைமைத் தச்சர் ஹென்ரிக் ஹைபர்ட்சன் முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். ஒரு காற்று அடித்துக் கப்பல் இடப்பக்கம் சாய்ந்தது. மரியாதை வேட்டுக்காகச் சாளரங்கள் திறந்தே இருந்தன. தண்ணீர் அவ்வழியே புகுந்தது.

கட்டும்போது பயன்படுத்திய அளவுகோல்கள் காட்சியில் இருக்கின்றன, தேடிப் பாருங்கள். சிலவற்றில் ஸ்வீடன் அடிக்கணக்கு, சிலவற்றில் ஆம்ஸ்டர்டாம் அடிக்கணக்கு. முன்னதில் ஓர் அடிக்கு 12 அங்குலம், பின்னதில் 11. இரு நாட்டுத் தச்சர்கள் ஒரே கப்பலில் வேறுவேறு அளவில் வேலை செய்திருக்கிறார்கள்.

கப்பல் இவ்வளவு முழுமையாகக் கிடைத்ததற்குக் காரணம் பால்டிக் கடலின் தண்ணீர். அதில் உப்பு மிகக் குறைவு. மரத்தைத் துளைக்கும் கப்பற்புழு அங்கே பிழைக்காது. ஆண்டர்ஸ் ஃபிரான்சேன் என்பவர் 1956-இல் கப்பலைக் கண்டுபிடித்தார். முக்குளிப்பவர்கள் 32 மீட்டர் ஆழத்தில், இருட்டில், கப்பலின் அடியில் ஆறு சுரங்கங்கள் குடைந்து, கம்பிவடம் செலுத்தி, 1961 ஏப்ரல் 24 அன்று மேலே கொண்டுவந்தார்கள். நீருக்குள் இருந்தது 333 ஆண்டு. ஈர மரம் காய்ந்தால் சுருங்கி வெடித்துவிடும் என்பதால் பாலிஎத்திலீன் கிளைகால் என்னும் மெழுகுபோன்ற கரைசலை 17 ஆண்டுகள் தெளித்தார்கள். இன்னொரு சிக்கல் 2000-ஆம் ஆண்டு வெளிப்பட்டது. துறைமுகத்தின் அழுக்குத் தண்ணீரில் பிராணவாயு குறைவாக இருந்ததால் மரம் அழுகாமல் தப்பியது. ஆனால் அதே தண்ணீரிலிருந்து கந்தகம் மரத்தில் ஊறியிருந்தது. காற்று பட்டதும், துருப்பிடித்த இரும்பாணிகளின் உதவியோடு, அது அமிலமாக மாறத் தொடங்கியது. அதன் பிறகு 5,000-க்கும் மேற்பட்ட ஆணிகளைத் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றினார்கள். இன்று நீங்கள் பார்க்கும் கப்பலில் 98 விழுக்காடு பழைய மரமே.

நேரே மேல்தளத்துக்குப் போய், கடலோடிகள் அமரம் என்று சொல்லும் பின்பக்கத்தின் எதிரில் நின்று பார்வையைத் தொடங்குங்கள். சிங்கங்களும் வீரர்களும் ரோமப் பேரரசர்களுமாகச் செதுக்கு வேலை அங்கேதான் குவிந்திருக்கிறது. பக்கத்தில் பத்தில் ஒரு பங்கு அளவில் வண்ண மாதிரி ஒன்று உண்டு. கறுத்த மரத்தையும் மாதிரியையும் மாறி மாறிப் பாருங்கள். எதிரியை மிரட்டுவதற்காகப் பூசிய சிவப்பும் மஞ்சளும் அப்போதுதான் புரியும். கீழ்த்தளத்தில் மூழ்கி இறந்தவர்களின் எலும்புகள் உள்ள பகுதியையும் தவறவிடாதீர்கள். நெடுங்காலம் ஆண் என்று கருதப்பட்ட ஓர் எலும்புக்கூடு ஒரு பெண்ணுடையது என்று மரபணுச் சோதனையில் தெரியவந்து, 2023-இல் அறிவித்தார்கள். எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

பதினொரு மணிவாக்கில் ஸ்கான்சனுக்குப் போகலாம். நடந்தால் பத்து நிமிடம், டிராம் 7-உம் உண்டு. ஆர்ட்டூர் ஹசேலியுஸ் 1891-இல் தொடங்கிய திறந்தவெளி அருங்காட்சியகம் இது. தொழில்மயமாதலில் அழிந்துகொண்டிருந்த கிராம வீடுகளைக் கழற்றிக் கொண்டுவந்து இந்தக் குன்றின் மேல் மறுபடி கட்டினார். சுமார் 150 கட்டடங்கள். காலை பத்து மணிக்கே இங்கே வந்துவிட்டால் வீடுகள் பூட்டிக் கிடக்கும், வெளியிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். பதினொன்றுக்குப் பிறகுதான் உள்ளே அந்தக் காலத்து உடையில் ஆட்கள் இருப்பார்கள், அடுப்பு எரியும், ரொட்டி சுடுவார்கள். அவர்களிடம் பேச்சுக் கொடுங்கள், பொறுமையாகச் சொல்வார்கள். வீடுகள் ஏன் எல்லாமே செம்மண் நிறம் என்று அப்பா கேட்பார்: ஃபாலுன் செம்புச் சுரங்கத்தின் கழிவு மண்ணில் இரும்பு ஆக்சைடு நிறைய, அதைக் கோதுமைக் குடும்பத்தைச் சேர்ந்த ரை தானியத்தின் மாவுக் கஞ்சியோடு காய்ச்சிப் பூசுகிறார்கள். புல் முளைத்த கூரைகளின் விளிம்பைக் குனிந்து பார்த்தால் பிர்ச் மரப்பட்டை அடுக்கு தெரியும். மழையைத் தடுப்பது அந்தப் பட்டை; மேலே உள்ள மண் அதை அமுக்கிப் பிடிக்கிறது. செக்லோரா மரத்தேவாலயத்தின் கூரை ஓவியம் ஒன்றுக்காகவே அந்த மேட்டில் ஏறலாம். பிரதான வாயிலில் நகரும் படிக்கட்டு இருப்பதால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் ஏற்றம் பெரிதாகத் தெரியாது. திரும்பும்போது 82 எண் படகில் ஸ்லுசன் படகுத்துறைக்கு வாருங்கள். பழைய நகரத்தின் முகப்பு தண்ணீரிலிருந்து பார்க்கத்தான் அழகு.

இரண்டாம் நாளை நகர மண்டபத்தில் தொடங்குங்கள். வழிகாட்டியோடு மட்டும்தான் உள்ளே விடுவார்கள். நிகழ்ச்சி ஏதேனும் இருந்தால் திடீரென்று மூடிவிடவும் செய்வார்கள். எனவே முந்தின இரவே இணையதளத்தில் பார்த்துவிட்டு, காலை முதல் ஆங்கிலச் சுற்றுக்குப் போய்விடுங்கள். ராக்னர் ஓஸ்ட்பெரி வடிவமைத்து 1923-இல் திறக்கப்பட்ட கட்டடம். ஏறக்குறைய 80 லட்சம் செங்கல். நோபல் விருந்து நடக்கும் நீல மண்டபத்தில் நீலமே கிடையாது. பூச எண்ணியிருந்த கட்டடக் கலைஞர், செங்கல்லின் அழகைக் கண்டபின் அப்படியே விட்டுவிட்டார், பெயர் மட்டும் நிலைத்தது. மேலே பொன் மண்டபத்தில் ஒரு கோடியே எண்பது லட்சம் கண்ணாடி, பொன் துண்டுகளால் ஆன சுவர். வடக்குச் சுவரில் மாலாரன் அரசியின் மடியில் ஸ்டாக்ஹோம் அமர்ந்திருக்க, கிழக்கு நாடுகளும் மேற்கு நாடுகளும் இருபுறமும் வந்து நிற்கும். உயரக் கணக்கு தப்பியதால் மேலே குதிரையில் இருக்கும் புனித எரிக்கின் தலை கூரைக்குள் போய்விட்டது. வழிகாட்டி காட்டாவிட்டால் கேளுங்கள். டிசம்பர் 10 அன்று பரிசு வழங்கப்படுவது இசை மண்டபத்தில், விருந்து இங்கே. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1930-இலும், சுப்ரமணியன் சந்திரசேகர் 1983-இலும், சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009-இலும் பரிசு பெற வந்த நகரம் இது. 106 மீட்டர்க் கோபுரத்தில் பாதிவரை லிஃப்ட், மீதி படிதான், பெரியவர்களுக்கு வேண்டாம்.

அங்கிருந்து நீர்விளிம்பை ஒட்டி நடந்து ரிட்டர்ஹோல்மன் தீவு வழியே காம்லா ஸ்தானுக்கு, அதாவது பழைய நகரத்துக்கு வரலாம். ரிட்டர்ஹோல்மன் தேவாலயம் கோடையில் திறந்திருக்கும். வாசா கப்பலைக் கட்டச் சொன்ன குஸ்தாவ் அடால்ஃபின் கல்லறை உள்ளே இருக்கிறது. அவரை இன்னும் நெருக்கமாகப் பார்க்க அரண்மனையின் நிலவறையில் உள்ள லிவ்ரூஸ்ட்கம்மரன் என்ற படைக்கல அருங்காட்சியகத்துக்குப் போகவேண்டும். போரில் தம் மேல் பட்ட ரத்தக் கறையோடு தம் உடையைப் பாதுகாக்கும்படி அவர் உத்தரவிட்டது 1628-இல், கப்பல் மூழ்கிய அதே ஆண்டு. அதிலிருந்துதான் அந்த அருங்காட்சியகம் பிறந்தது. 1632-இல் லுட்சன் போரில் அவர் சாகும்போது ஏறியிருந்த ஸ்ட்ரைஃப் என்ற குதிரையும் பதப்படுத்தி நிறுத்தப்பட்டிருக்கிறது. 1792 மார்ச்சில் முகமூடி நடனத்தில் சுடப்பட்ட மூன்றாம் குஸ்தாவின் உடையில் குண்டு துளைத்த இடத்தையும் காணலாம். அரண்மனையின் அறுநூற்றுச் சொச்சம் அறைகளில் திறந்திருப்பவற்றைச் சுற்றி அலுப்பதைவிட இந்த நிலவறையில் ஒரு மணி நேரம் இருப்பது மேல். காவலர் மாற்றம் வார நாட்களில் 12.15-க்கு, ஞாயிறு 13.15-க்கு, வழியில் பட்டால் பாருங்கள், அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

பக்கத்திலேயே ஸ்டூர்ஷிர்க்கன் பெருங்கோவில். உள்ளே புனித ஜார்ஜ் நாகத்தைக் கொல்லும் 1489-ஆம் ஆண்டுச் சிற்பம், ஓக் மரத்தில். நாகத்தின் முட்களுக்கு நிஜ எல்க் மானின் கொம்புகளைப் பதித்திருக்கிறார்கள், கிட்டப்போய்ப் பாருங்கள். அதே கோவிலில் 1535-இல் வானத்தில் தெரிந்த சூரிய வளையங்களைக் காட்டும் ஓவியம் தொங்குகிறது. இப்போதிருப்பது 1636-இல் எடுத்த நகல். அந்தக் காலத்து ஸ்டாக்ஹோம் எவ்வளவு சிறியது என்பதை வண்ணத்தில் காட்டும் பழைய படம் அதுதான்.

ஸ்டூர்டோரியெட் சதுக்கத்தில் 1520 நவம்பரில் டென்மார்க் அரசர் இரண்டாம் கிறிஸ்டியன் எண்பதுக்கும் மேற்பட்டோரின் தலையை வெட்டச் செய்தார். அங்குள்ள சிவப்பு வீட்டின் வெள்ளைக் கற்கள் வெட்டுண்ட தலைகளின் எண்ணிக்கை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த முகப்பு நூறாண்டுக்கும் மேல் கழித்துக் கட்டியது. சதுக்கத்திலேயே உள்ள நோபல் அருங்காட்சியகத்தின் உணவகத்தில் நாற்காலிகளைத் தலைகீழாகப் புரட்டிப் பார்க்கலாம், அடியில் பரிசு பெற்றவர்களின் கையெழுத்து இருக்கும். வெஸ்டர்லாங்கத்தன் தெருவில் நினைவுப்பொருள் கடைகளும் நெரிசலும்தான். அதற்கு இணையாக ஓடும் பிரெஸ்த்கத்தன் தெருவில் நடங்கள். கோக்பிரிங்கன் சந்து சேரும் முனையில், வீட்டுச் சுவரில் ரூன் என்ற பழைய வடஐரோப்பிய எழுத்துள்ள கல்லொன்று வெறும் கட்டுமானக் கல்லாகப் பதிக்கப்பட்டிருக்கிறது. வண்டிகள் மோதிச் சுவர் இடியாமலிருக்க முனையில் ஒரு பீரங்கிக் குழாயையும் நட்டிருக்கிறார்கள். தெருவின் தென்கோடியில் 90 சென்டிமீட்டர் அகலமே உள்ள மோர்ட்டன் டிரோட்சிக் சந்து, 36 படி. இந்தப் பகுதி முழுக்க உருண்டைக் கல் பாவிய தரை. மழை பெய்தால் வழுக்கும், தட்டை அடிச் செருப்பு கால்களை நோகடிக்கும். பெற்றோருக்குக் கெட்டியான அடிப்பாகமுள்ள காலணி வேண்டும்.

வார நாளாக இருந்தால் பதினொன்றிலிருந்து ஒன்றரைக்குள் மதிய உணவை முடித்துவிடுங்கள். 'டாகென்ஸ் லுன்ஷ்' என்று எழுதிப் போட்டிருக்கும் கடைகளில் ஒரே விலைக்குச் சாலட், ரொட்டி, காப்பி எல்லாம் சேர்ந்தே வரும்; பெரும்பாலும் சைவ வகை ஒன்றும் இருக்கும். இரண்டு மணிக்குமேல் போனால் அதே உணவகத்தில் இரட்டிப்பு விலை.

மாலை ஆறரைக்குமேல் மெட்ரோவுக்கு இறங்குங்கள். சுமார் நூறு நிலையங்களில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றில் கலைப்படைப்பு இருக்கிறது. எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் சலித்துவிடும், ஆறு போதும். நகரத்தின் அடியில் உறுதியான பாறை. குடைந்தபின் அதைச் சுவர் எழுப்பி மறைக்காமல், கான்கிரீட்டைப் பீய்ச்சி, பாறையின் மேடுபள்ளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். ஓவியர்களுக்குக் குகையே திரையானது. நீல வழித்தடத்தில் குங்ஸ்ட்ரெட்கோர்டன் முனையத்தில் தொடங்குங்கள். மேலே ஒரு காலத்தில் நின்று 1825-இல் எரிந்துபோன மாகலோஸ் மாளிகையின் சிற்ப எச்சங்களை வைத்து, 1977-இல் ஒரு நிலத்தடித் தோட்டம்போல் அமைத்திருக்கிறார்கள். அடுத்தது டி-சென்ட்ரலன்: நீலக் கொடிகளோடு கூரையில் பாருங்கள், நிலையத்தைக் கட்டிய தொழிலாளர்களின் நிழலுருவங்கள். பிறகு ரோட்ஹூசெட், அங்கிருந்து அகல்லா செல்லும் 11 எண் ரயிலில் சோல்னா சென்ட்ரும். ரத்தச் சிவப்பு வானமும் ஓராயிரம் மீட்டர் நீளத்துக்குப் பச்சைக் காடும். காடழிப்பும் கிராமங்கள் காலியாவதும் 1975-இன் ஸ்வீடனை எப்படி உறுத்தின என்பதைச் சிறு சிறு காட்சிகளாக வரைந்திருக்கிறார்கள். திரும்பி வந்து சிவப்புத் தடத்தில் ஸ்டாடியோன் நிலையத்தின் வானவில்லும் டெக்னிஸ்கா ஹோக்ஸ்கோலனும் பார்த்தால் ஒன்றரை மணி நேரத்தில் முடியும். நகரும் படிக்கட்டில் நிற்பவர்கள் வலப்பக்கம் நிற்கவேண்டும். ரயில் ஓட்டுநரின் கண்ணில் படும்படி ஃபிளாஷ் போடக்கூடாது.

மூன்றாம் நாளைக்கு இரண்டு வழி. வானம் தெளிவாக இருந்தால் ட்ரொட்னிங்ஹோல்ம் அரச மாளிகை. நகர மண்டபத்துப் படகுத்துறையிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம்; இதற்கு எஸ்.எல். டிக்கெட் செல்லாது. போகும்போது படகு, வரும்போது 176 அல்லது 177 பஸ்ஸில் புரொம்மாப்ளான் வந்து அங்கிருந்து மெட்ரோ என்றால் செலவும் நேரமும் மிச்சம். மாளிகையைவிட அதன் பக்கத்திலுள்ள 1766-ஆம் ஆண்டு நாடக அரங்குதான் அரிய பொருள். மூன்றாம் குஸ்தாவின் கொலைக்குப் பின் கைவிடப்பட்டு, 1921-இல் தூசியோடு தூசியாக மறுபடி கண்டெடுக்கப்பட்டது. யாரும் தொடாததால்தான் தப்பியது. மேடைக்கு அடியில் உள்ள மரச்சக்கரத்தை ஆட்கள் சுற்றினால் பக்கத் திரைகள் எல்லாம் ஒரே இழுப்பில், சில நொடிகளில் மாறும். பெட்டிக்குள் கற்களை உருட்டினால் இடி, முறுக்கிய உருளைகள் சுழன்றால் கடலலை. சலவைக்கல் போல் தெரியும் தூண்கள் எல்லாம் வண்ணம் பூசிய மரமும் காகிதக்கூழும். இங்கேயும் வழிகாட்டிச் சுற்று மட்டும்தான். இறங்கியவுடன் முதல் வேலையாக அரங்கின் டிக்கெட்டை எடுத்துவிட்டுப் பிறகு தோட்டம் சுற்றுங்கள்.

மேகமூட்டமாக இருந்தால், அல்லது பெற்றோர் களைத்திருந்தால், பச்சைத் தடத்தில் ஃபார்ஸ்டா ஸ்ட்ராண்ட் செல்லும் 18 எண் ரயிலேறிக் காட்டு இடுகாட்டுக்குப் போங்கள். நிலையத்தின் பெயரே ஸ்கூக்ஸ்ஷிர்க்கோகோர்டன்தான். நுழைவுக் கட்டணம் இல்லை. சுற்றுலாவில் இடுகாடா என்று வீட்டில் முகம் சுளிப்பார்கள். போய்ப் பார்த்தபின் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அஸ்ப்லுண்ட், லெவெரென்ட்ஸ் என்ற இரு கட்டடக் கலைஞர்கள் 1917 முதல் 1940 வரை பழைய சரளைக் குழிகளையும் பைன் காட்டையும் சேர்த்து உருவாக்கிய இது 1994-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நுழைந்ததும் வெறும் புல்வெளி, கருங்கல் சிலுவை, தூரத்தில் மேட்டின்மேல் எல்ம் மரங்கள். அந்த மேட்டுக்கு ஏறும் படிகள் மேலே போகப் போக உயரம் குறைந்துகொண்டே வரும். துயரத்தோடு ஏறுபவருக்கு உச்சியில் மூச்சு வாங்கக்கூடாது என்று செய்தது. அங்கிருந்து 888 மீட்டர் நேர்க்கோடாகக் காட்டைக் கிழித்துக்கொண்டு உயிர்த்தெழுதல் சிற்றாலயத்துக்கு ஒரு பாதை போகிறது. இன்றும் அடக்கம் நடக்கும் இடம். கறுப்பு உடையில் குடும்பம் எதுவும் தென்பட்டால் கேமராவை உள்ளே வைத்துவிட்டு வழி விலகி நில்லுங்கள்.

தேதியை உறுதி செய்யுமுன் ஒன்றைப் பாருங்கள். ஜூன் 19-க்கும் 25-க்கும் இடையே வரும் வெள்ளிக்கிழமை 'மிட்சொம்மர்' திருநாள். அன்றும் மறுநாளும் நகரமே வெளியூர் போய்விடும். உணவகங்களும் கடைகளும் பெருமளவு மூடியிருக்கும், சிறு அருங்காட்சியகங்களும் அப்படியே. உங்கள் மூன்று நாளில் அது வந்தால் வரிசையை மாற்றி ஸ்கான்சனை அன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இலை சுற்றிய கம்பத்தை நட்டு ஊரே சுற்றி ஆடுவதை அங்கே பார்க்கலாம். முந்தின நாளே பழமும் ரொட்டியும் வாங்கி அறையில் வைத்துவிடுங்கள்.